உயரமா, சமமா, படிக்கட்டா? விசைமூடி வடிவத்தைப் பற்றி ஒரு வாக்குவாதம்

மெய்ப்புநோக்கி:

மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் என் தொழில். நாளொன்றுக்கு ஆறேழு மணி நேரம் தமிழில் தட்டச்சு செய்கிறேன். எண்பலகையோடு கூடிய முழு அளவு மெக்கானிக்கல் கீபோர்டு என்னுடையது; ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்விட்ச், அதன்மேல் கழற்றி மாட்டக்கூடிய மூடி. அதோடு வந்த, பெரும்பாலான கீபோர்டுகளில் காணும் ஓஇஎம் வடிவ மூடிகள் இரண்டே ஆண்டில் வழுவழுத்துப் போய்விட்டதால், படங்களில் பார்த்து ஆசைப்பட்டு எஸ்ஏ என்ற உயரமான வடிவத்தில் ஒரு தொகுப்பு வாங்கினேன். கண்ணுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது வாரத்தில் மணிக்கட்டின் மேற்பக்கம் வலிக்கத் தொடங்கியது. கையை மேசையில் ஊன்றி அடிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. எண்வரிசைக்கு விரலை நீட்டும்போதெல்லாம் மணிக்கட்டு பின்னோக்கி மடங்குவதை உணர்கிறேன்.

மாற்றிவிட முடிவு செய்துவிட்டேன். எதற்கு மாறுவது என்பதுதான் கேள்வி. ஒரு பக்கம் வரிசைக்கு வரிசை உயரமும் சாய்வும் படிக்கட்டுபோல் மாறுகிற செர்ரி வடிவம். இன்னொரு பக்கம் எல்லா வரிசையும் ஒரே வார்ப்பாக, ஒரே மட்டமாக இருக்கும் டிஎஸ்ஏ, எக்ஸ்டிஏ வடிவங்கள். பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

இரவுநிரலர்:

தயங்காமல் எக்ஸ்டிஏ வாங்குங்கள். உங்கள் வலிக்குக் காரணம் உயரம். எஸ்ஏ தொகுப்பின் மேல்வரிசை மூடி ஏறக்குறைய 16 மி.மீ. உயரம். டிஎஸ்ஏ அதில் பாதிகூட இல்லை, எட்டு மி.மீ.-க்குள் அடங்கிவிடும். எக்ஸ்டிஏ ஒன்பதை ஒட்டி இருக்கும். மேற்பரப்பு அகலமானது, குழிவு லேசானது. விரல் எங்கே விழுந்தாலும் அது தாங்கிக்கொள்ளும்.

நான் ஆறு ஆண்டுகளாக ஒரே மட்ட மூடிகளில்தான் வேலை செய்கிறேன். ஆங்கில எழுத்துகளை வேறு இடங்களில் அடுக்கும் கோல்மாக் எழுத்தமைப்புக்கு மாறியபோது எழுத்துகளை இடம் மாற்றிப் பொருத்த ஐந்து நிமிடம்தான் பிடித்தது. படிக்கட்டு வடிவத்தில் அதைச் செய்துபாருங்கள், பல் வரிசை தாறுமாறாக முளைத்ததுபோல் விசைகள் துருத்திக்கொண்டு நிற்கும். சிறிய கீபோர்டுகளின் வலது ஓரத்தில் வரும் ஹோம், பேஜ் அப் போன்ற விசைகளுக்குச் சரியான வரிசை மூடி தொகுப்பில் இல்லாமல் தவித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரே மட்டத்தில் அந்தத் தலைவலியே கிடையாது: அகலம் பொருந்தினால் போதும், எந்த மூடியும் எங்கேயும் உட்காரும்.

பழைய தட்டச்சர்:

இரவுநிரலர் உயரத்தைப் பற்றிச் சொன்னது சரி. அங்கிருந்து "ஆகவே ஒரே மட்டம்" என்று தாவியதைத்தான் ஏற்க மாட்டேன். உயரம் வேறு, வளைவு வேறு. செர்ரி வடிவத்தில் மிக உயர்ந்த வரிசையே ஒன்பதரை மி.மீ. அளவுதான். எக்ஸ்டிஏ-க்கும் அதற்கும் உயரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. எனவே வலியைக் காட்டி வளைவை ஒதுக்குவது நியாயமாகாது.

நான் இரும்புத் தட்டச்சுப் பொறியில் கற்றவன். அங்கே வரிசைகள் நிஜமான படிகள். கை அந்தரத்தில் மிதக்கும். இன்றைய கீபோர்டில் அந்தப் படி சிறுத்துவிட்டதே தவிர, அதன் காரணம் மறையவில்லை. விரலை நடுவரிசையில் வைத்து, மெதுவாக மேல்வரிசைக்கு நீட்டிப் பாருங்கள். விரல் நீள நீள அதன் நுனி படுத்துக்கொள்கிறது. சதைப்பற்றான பகுதி கீழ்நோக்கித் திரும்பி, மூடியின் உங்களுக்கு அருகிலுள்ள விளிம்பில் முதலில் படுகிறது. படிக்கட்டு வடிவத்தில் அந்த வரிசை சற்று உயர்ந்து, முகத்தை உங்கள் பக்கம் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. அதனால் விரல் விளிம்பில் இடிக்காமல் முகத்தின் நடுவில் இறங்குகிறது. கீழ்வரிசையில் இதற்கு நேர்மாறு. விரல் மடங்கி வருகிறது, மூடியும் எதிர்த்திசையில் சாய்கிறது.

விசைகளின் மையத்துக்கு மையம் 19.05 மி.மீ. இடைவெளி. அந்தச் சின்னப் பயணத்தை ஒரு நாளில் பல்லாயிரம் முறை செய்கிற விரலுக்கு ஒன்றிரண்டு மி.மீ. சாய்வு அற்பமானது அல்ல. இன்னொன்றும் உண்டு: பார்க்காமல் அடிப்பவருக்கு வரிசை மாறியதை விரலுக்குச் சொல்வதே இந்தச் சாய்வுதான். எல்லா மூடியும் ஒன்றுபோல இருந்தால் எந்த வரிசையில் நிற்கிறோம் என்று விரல் எப்படி அறியும்?

இரவுநிரலர்:

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் ஐபிஎம் 1985-இல் கொண்டுவந்த மாடல் எம் கீபோர்டை நினைத்துப் பாருங்கள். தட்டச்சுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை என்று இன்றுவரை பலர் சத்தியம் செய்கிறார்கள். அதன் எழுத்து மூடிகள் எல்லா வரிசையிலும் ஒரே வார்ப்பு! கழற்றி எந்த வரிசையிலும் மாட்டலாம். வரிசைதோறும் தனி வடிவம் இல்லாவிட்டால் தட்டச்சு கெட்டுவிடும் என்றால், அந்தக் கீபோர்டு எப்படி இத்தனை பேரின் நம்பிக்கையைப் பெற்றது?

பழைய தட்டச்சர்:

நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் அது என் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. மாடல் எம்-மின் மூடிகள் ஒன்றுபோல இருக்கக் காரணம், அவற்றைத் தாங்கும் அடித்தகடே வளைந்திருப்பதுதான். வளைவைத் தகட்டில் வைத்தார்கள், ஆகவே மூடியில் வைக்கத் தேவையில்லை. இன்று நாம் வாங்கும் கீபோர்டுகளில் தகடு தட்டையானது. தகடும் தட்டை, மூடியும் தட்டை என்றால் வளைவு எங்கிருந்து வரும்? உங்களுடையது இரண்டாகப் பிரிந்து, சாய்த்து வைக்கும் கீபோர்டு என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அதில் கை வேறு கோணத்தில் வருகிறது. அங்கே ஒரே மட்டம் பொருந்தலாம், மறுக்கவில்லை.

ஓசைப்பித்தன்:

எஸ்ஏ-யை இப்படி ஒரே அடியாகக் கைகழுவுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உயரமான மூடி கையை ஊன்றி அடிப்பவருக்கானது அல்ல, அவ்வளவுதான். நான் மணிக்கட்டைத் தூக்கி அடிக்கிறேன், கீபோர்டின் முன்னால் உயரத்துக்கு ஏற்ற ஒரு மரத்தாங்கியும் வைத்திருக்கிறேன். ஓய்வெடுக்கும்போது மட்டும் உள்ளங்கை அதில் படும். நான்கு ஆண்டுகளாக ஒரு வலியும் இல்லை.

அந்தக் கோளக் குழிவில் விரல்நுனி போய் உட்கார்கிற சுகத்தைச் செர்ரியில் நான் கண்டதில்லை. செர்ரியின் குழிவு உருளை வடிவம். இடம் வலமாக மட்டும் வளைந்திருக்கும், முன்பின்னாக விரல் வழுக்கிப் போகும். கோளக் குழிவு நான்கு பக்கமும் பிடித்துக்கொள்ளும். எம்டி3 என்ற இன்னொரு உயரமான வடிவத்தில் குழிவு இன்னும் ஆழம். ஓசையும் அப்படித்தான்: பெரிய கூடு, கனத்த சுவர், அதனால் அடியில் இடிக்கும்போது ஆழ்ந்த, முழுமையான ஒலி எழுகிறது. மெல்லிய, குட்டையான மூடியில் அதே ஸ்விட்ச் கிறீச்சென்று கத்தும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எஸ்ஏ மூடி எடை கூடியது. மிக மென்மையான ஸ்பிரிங் உள்ள ஸ்விட்சில் மாட்டினால் விசை மேலே திரும்பி வருவதில் ஒரு சோம்பல் தெரியும்.

மெய்ப்புநோக்கி:

ஓசைப்பித்தன் அவர்களே, தாங்கியும் வைத்துப் பார்த்துவிட்டேன். எண்வரிசைக்குப் போகும்போது மணிக்கட்டு மடங்குவது நிற்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் கைப்பழக்கத்தை மாற்றுவதைவிட மூடியை மாற்றுவது எளிது என்று தோன்றுகிறது.

பழைய தட்டச்சர் ஐயாவிடம் ஒரு கேள்வி. நான் அடிப்பது தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில். அதில் உயிரெழுத்துகள் எல்லாம் இடது கையில். அ, இ, உ, எ நடுவரிசையில். அவற்றின் நெடில்களான ஆ, ஈ, ஊ, ஏ நேர் மேல்வரிசையில். "கா", "நீ", "பூ" என்று எதை அடித்தாலும் இடது கை நடுவிலிருந்து மேலே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இதற்கு வளைவு உதவுமா, அல்லது ஒரே மட்டத்தில் விரலைச் சறுக்கிக்கொண்டு போவது எளிதா?

திருகாணி:

இந்தக் கேள்விக்கு எங்களில் யாரும் பதில் சொல்லத் தேவையில்லை, காசு செலவில்லாமல் நீங்களே சோதிக்கலாம். பழைய ஓஇஎம் மூடிகளைத் தூக்கிப் போடவில்லை என்றால் அவற்றை மறுபடி மாட்டுங்கள். ஓஇஎம்-மும் படிக்கட்டு வடிவம்தான், செர்ரியைவிட உயரம் கூடியது, அவ்வளவே.

எண்பலகையின் 4, 5, 6 ஆகிய மூன்றும் நடுவரிசை வார்ப்பு. வலது ஓரத்தில் ந, ய விழும் அரைப்புள்ளி, மேற்கோள்குறி விசைகளும் அதே வார்ப்பு. ஆக ஐந்து மூடிகள் கைவசம் இருக்கின்றன. அவற்றைக் கழற்றி ஆ, ஈ, ஊ, ஐ, ஏ இருக்கும் ஐந்து இடங்களில் பொருத்துங்கள். அங்கிருந்து கழற்றியவற்றைக் காலியான இடங்களில் போடுங்கள். இப்போது உங்கள் இடது கைக்கு இரண்டு வரிசையும் ஒரே மட்டம். வலது கைக்குப் பழைய படிக்கட்டு. ந-வும் ய-வும் கொஞ்சம் உறுத்தும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மூடியில் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்க்காமல் அடிப்பவராக இருந்தால் ஒரு வாரத்தில் இடது கை தன் தீர்ப்பைச் சொல்லிவிடும்.

மூடியைக் கழற்றக் கம்பி இடுக்கியைப் பயன்படுத்துங்கள். வளையம்போல் இருக்கும் பிளாஸ்டிக் இடுக்கி ஓரங்களைக் கீறிவிடும்.

மெய்ப்புநோக்கி:

திருகாணி அவர்களுக்கு மிக்க நன்றி. ஒன்பது நாள் அப்படியே வேலை செய்தேன்.

நடுவிரலுக்கு வேறுபாடே தெரியவில்லை. ஊ எப்போதும்போல் விழுந்தது. சுட்டுவிரலுக்கு ஒரே மட்டம் இன்னும் இதமாக இருந்தது என்றுகூடச் சொல்வேன். ஐ-க்குப் போகும்போது விரலைத் தூக்கவே வேண்டியிருக்கவில்லை. சிக்கல் முழுவதும் சுண்டுவிரலில்தான். ஆ அதன் பொறுப்பு. கை விரல்களிலேயே குட்டையானது அது; மேல்வரிசைக்குப் போக முழுக்க நீள வேண்டியிருக்கிறது. ஐயா சொன்னது அப்படியே நடந்தது: விரல் ஆ-வின் முகத்தில் விழாமல் அதன் முன்விளிம்பில் விழுந்து, அ-வையும் சேர்த்து அழுத்தியது. "காலை" என்று அடித்தால் "காஅலை" என்று வந்தது. முதல் நாள் பழக்கமின்மை என்று நினைத்தேன். ஒன்பதாம் நாளும் அதே பிழை, அதே விரலில். ஆ இல்லாமல் தமிழில் ஒரு பத்தி எழுத முடியுமா? மூடிகளைப் பழையபடி மாற்றிய அன்றே அந்தப் பிழை நின்றுவிட்டது.

எஸ்ஏ-யைக் கழற்றி ஓஇஎம்-முக்கு வந்ததிலேயே மணிக்கட்டு வலி பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. ஆகவே இன்னும் தாழ்ந்த செர்ரி என்று முடிவு செய்திருக்கிறேன், பிபிடி பிளாஸ்டிக்கில். ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்றால் மறுபடி வழுவழுத்துவிடும்.

இரவுநிரலர்:

உங்கள் சுண்டுவிரலோடு வாதிட மாட்டேன். ஆனால் ஓஇஎம் நடுவரிசை மூடியை மேலே வைத்தது எக்ஸ்டிஏ-க்கு ஈடாகாது. எக்ஸ்டிஏ-யின் மேற்பரப்பு அதைவிட அகலம், குழிவும் வேறு. அதில் விளிம்பு இடிப்பது குறைந்திருக்கலாம் என்றே இன்னும் நம்புகிறேன். வாய்ப்புக் கிடைத்தால் யாரிடமாவது நான்கைந்து மூடி இரவல் வாங்கிப் பாருங்கள்.

பழைய தட்டச்சர்:

அகலமான மேற்பரப்பு என்றால் அடுத்த மூடியோடு இடைவெளி குறைவு என்றும் பொருள். சுண்டுவிரல் இரண்டையும் சேர்த்து அழுத்துவது அங்கே கூடுமே தவிரக் குறையாது.

திருகாணி:

பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். நடுவரிசையில் க விசையின் மூடியைக் கழற்றி, ஸ்விட்சில் விளக்கு வெளிச்சம் வரும் துளை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கவனியுங்கள். உங்கள் கைப்பக்கம் இருந்தால் கவலையில்லை. திரைப்பக்கம் இருந்தால், செர்ரி வடிவத்தின் நடுவரிசை மூடி முழுக்க இறங்குவதற்குள் அதன் உட்சுவர் ஸ்விட்சின் மேற்கூட்டில் இடிக்கக்கூடும். அந்த ஒரு வரிசை மட்டும் வேறு ஓசையில், பாதியில் தடுக்கியதுபோல் நிற்கும். உள்ளே இறங்கும் தண்டு நீண்ட ஸ்விட்ச் என்றால் அது முன்னதாகவே அடியைத் தொட்டுவிடும் என்பதால் இந்த இடிப்பு வராது.

பிபிடி வாங்குவதானால், வந்ததும் ஸ்பேஸ் பாரைக் கண்ணாடிமேல் வைத்துப் பாருங்கள். வார்ப்பில் அதிகம் சுருங்கும் பிளாஸ்டிக் அது. நீளமான மூடிகள் வளைந்து வருவது உண்டு. ஆடினால் உடனே மாற்றித் தரக் கேளுங்கள்.

மெய்ப்புநோக்கி:

கழற்றிப் பார்த்தேன். துளை என் பக்கம்தான் இருக்கிறது. தொகுப்புக்கு இன்றிரவே சொல்லிவிடுகிறேன். ஓசைப்பித்தன் அவர்களே, எஸ்ஏ தொகுப்பு பெட்டியோடு, ஒரு மூடிகூடக் குறையாமல் இருக்கிறது. உங்களுக்கு வேண்டுமானால் எழுதுங்கள், அதை மதிப்பவர் கையில் போய்ச் சேரட்டும்.