வேதம் தேவ ஆவியால் அருளப்பட்டது: வாலிபர்களுக்கு எப்படி விளக்குவது?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கோத்தகிரியில் எங்கள் சபையில் வாலிபர் வகுப்பு எடுக்கிறேன். வேதம் தேவ ஆவியால் அருளப்பட்டது என்பதற்கு 2 தீமோத்தேயு 3:16-ஐக் காட்டினால், கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி, வேதத்துக்கு வேதமே சாட்சி சொன்னால் எப்படி அண்ணா என்கிறான், நியாயமான கேள்விதான். 1947-இல் சாக்கடல் பக்கத்துக் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருள் கிறிஸ்துவுக்கு முந்தையது, அதனால் கிறிஸ்துவின் பாடுகளை முன்னறிவிப்பதாக நாம் வாசிக்கிற 53-ஆம் அதிகாரம் பிற்பாடு எழுதிச் சேர்த்தது இல்லை என்று சொல்லலாம். ஆனால் அது பழமையை மட்டும்தான் காட்டும். இயேசுவே பழைய ஏற்பாட்டைத் தேவ வார்த்தையாக எடுத்துப் பேசினார், அங்கிருந்து தொடங்குவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. அப்புறம் புதிய ஏற்பாட்டுக்கு எப்படி வருவது? 2 பேதுரு 3:16 பவுலின் நிருபங்களை மற்ற வேதவாக்கியங்களோடு சேர்த்துச் சொல்கிறது, அது போதுமா? ஊட்டி, குன்னூர் பக்கம் இதைப் பாடமாக எடுத்த போதகர்கள், அண்ணன், அக்காமார் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் பெரிய உதவி.