ஹாண்டலின் எஃப் மேஜர் ரெக்கோடர் சொனாட்டா: சிசிலியானாவை எந்த வேகத்தில் வாசிப்பது?

மூடுபனி (நுவரெலியா):
ட்ரெபிள் ரெக்கோடர் (நேராகப் பிடித்து ஊதும் குழல்) வாசிக்கும் மாணவி ஒருவருக்காகக் கேட்கிறேன். ஹாண்டலின் எஃப் மேஜர் சொனாட்டா, அவருடைய படைப்புப் பட்டியலில் எச்.டபிள்யூ.வி. 369, மூன்றாம் பகுதி 'அல்லா சிசிலியானா', 12/8. மெட்ரோனோம் எண் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்பது) அச்சில் இல்லை. புள்ளியிட்ட கால்சுரத்துக்கு 32 வைத்தால் பாட்டு நின்றுவிடுகிறது, 60 வைத்தால் நடனமாகிவிடுகிறது. தொடக்கத்தில் ஒரு ஃபிளாட் (சுரத்தை அரைச்சுரம் இறக்கும் குறி) தான் இருக்கிறது என்பதால் இதுவும் எஃப் மேஜர் என்கிறார் பிள்ளை. இதன் உணர்ச்சி சோகம் என்று நினைத்து ஒவ்வொரு சுரத்தையும் இழுத்து இழுத்து வாசிக்கிறார். காலை வகுப்பில் கீபோர்டோடு சுருதியும் சேர்வதில்லை, ரெக்கோடர் கீழே நிற்கிறது. எதை முதலில் திருத்துவது?

பச்சைமலை (ஹட்டன்):
முதலில் சுருதியை, அதாவது எந்த மேஜர், எந்த மைனர் என்பதை, முடிவுகட்டுங்கள். மற்ற மூன்று பகுதிகளும் எஃப் மேஜர், இது மட்டும் டி மைனர். இரண்டுக்கும் முகப்பில் அதே பி ஃபிளாட்தான், அதனால்தான் குழப்பம். பிள்ளையை சி ஷார்ப் வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். அது டி-யைத் தேடி ஏறும் சுரம், எஃப் மேஜரில் அதற்கு வேலை இல்லை. கர்நாடக சங்கீதம் தெரிந்த பிள்ளை என்றால் கீரவாணி என்று சொன்னால் உடனே காது பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒரே ராகம் என்று நினைக்க விடாதீர்கள். மைனரில் ஆறாம், ஏழாம் சுரங்கள் இடத்துக்கு இடம் மாறும், நடபைரவியும் கௌரிமனோகரியும் எட்டிப் பார்க்கும்.

இந்தச் சுருதியில் விரல் தவறும் இடம் இரண்டு. கீழ் சி ஷார்ப்: இடது பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூடி, மோதிரவிரல் திறந்து, வலது சுட்டுவிரல், நடுவிரல் மூடி, வலது மோதிரவிரல் பாதித் துளை. அந்தப் பாதித் துளையை மறந்தால் சுரம் மேலே போய்விடும். பி ஃபிளாட்: வலது சுட்டுவிரலை மட்டும் போட்டு நிறுத்துவது ஜெர்மன் விரலமைப்புக் கருவிக்குத்தான் சரி. பரோக் விரலமைப்பில் வலது நடுவிரலைத் திறந்து, மோதிரவிரலும் சுண்டுவிரலும் மூட வேண்டும்.

ஊவாக்காற்று (பண்டாரவளை):
வேகத்துக்கு என் கணக்கு 44 முதல் 50 வரை. கேட்கும் அறை எதிரொலித்தால் 44, சின்ன வகுப்பறை என்றால் 48. இதே சொனாட்டாவின் கடைசி அலெக்ரோவும் 12/8 தான். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வருவதால், இதை 60-க்குத் தூக்கினால் அடுத்ததற்கு இடமே இருக்காது.

அழுகை வேண்டாம். ஜெர்மன் புல்லாங்குழல் கலைஞர் குவாண்ட்ஸ் 1752-இல் எழுதிய புல்லாங்குழல் நூலில் 12/8 சிசிலியானாவைப் பற்றித் தெளிவாகச் சொல்கிறார்: மிக எளிமையாக, மிக மெதுவாக இல்லாமல், ட்ரில் (பக்கத்துச் சுரத்தோடு வேகமாக மாற்றி மாற்றி அசைப்பது) அநேகமாக இல்லாமல் வாசிக்க வேண்டும், ஏனென்றால் இது சிசிலி மேய்ப்பரின் நடனத்தைப் பின்பற்றுவது. டி மைனரை ஜெர்மன் இசை எழுத்தாளர் மத்தேசன் 1713-இல் பக்தியும் அமைதியும் பெருமிதமும் இனிமையும் மனநிறைவும் கலந்தது என்கிறார். (இளமையில் ஹாண்டலோடு ஹம்பர்க்கில் வாள் சண்டை போட்டவர் இவர்தான். சுருதி விஷயத்தில் நம்பலாம்.) ஆகவே ஒப்பாரி இல்லை, சேலைத் தொட்டிலின் ஆட்டம். தொட்டில் நின்று நின்று ஆடுமா?

உண்மையில் பிழை தாளத்தில்தான் இருக்கும். லயம் என்றதும் நமக்குத் தோட்டத்து லயக் காம்பராதான் ஞாபகம் வரும், இது மற்ற லயம், தாளத்தின் லயம். 12/8 என்பது நாலு அடி, ஒவ்வொன்றும் மூன்றாகப் பிரியும் திஸ்ரம். சிசிலியானாவின் அடையாளமான புள்ளிச்சுரக் கூட்டத்தில் ஓர் அடியை ஆறாகப் பிரித்தால் 3+1+2: 'தா-ஆ-ஆ-கி-ட-அ'. பிள்ளைகள் இதை 2+2+2 ஆக்குவார்கள், அப்போது ஆட்டம் போய் தட்டையாகும். அல்லது சின்னச் சுரத்தை அரைவாசியாகச் சுருக்குவார்கள், அப்போது குதிரை ஓடும். ரெக்கோடரை மேசையில் வைத்துவிட்டு, மெட்ரோனோமை எட்டில் ஒரு சுரத்துக்கு 100 வைத்து வாயால் சொல்லட்டும், பிறகு 132, பிறகு 144. 144 வந்தால் பெரிய அடி 48 ஆகிவிடும்.

நாக்கு: மூன்று சுரத்தையும் தனித்தனியே 'டு' என்று வெட்டக்கூடாது. புள்ளிச் சுரமும் சின்னச் சுரமும் ஒரே இணைப்பில், மூன்றாவதற்கு மெல்லிய 'து'. மூச்சு அடியின் முடிவில். சின்னச் சுரத்துக்கு முன் எடுத்தால் அதுதான் நீங்கள் சொல்லும் இழுவை.

கண்டிச்சுருதி:
ஊவாக்காற்று அண்ணன் சொன்னதோடு உடன்பாடு, ஆனால் 50 எனக்கு அதிகம், 46-ஐத் தாண்டமாட்டேன். கீபோர்டில் ஹார்ப்சிகோர்ட் ஒலி வையுங்கள், ஸ்ட்ரிங்ஸ் ஒலி வைத்தால் எந்த வேகமும் சேறாகும்.

கீபோர்டோடு சேராமல் சுருதி இறங்குவதற்குக் காரணம் குளிர். காற்று ஒரு பாகை செல்சியஸ் குளிர்ந்தால் ஏறத்தாழ 3 செண்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு செண்ட்) கீழே. மாணவி அழுத்தி ஊதி ஏற்றப் பார்ப்பார், அதில் ஒலி கரகரக்கும். தலைப்பகுதியைக் கம்பளிச் சட்டைக்குள் அக்குளில் பத்து நிமிடம் வைத்துச் சூடாக்கி, குழலின் பகுதிகள் பொருந்தும் இடத்தை முழுதாக உள்ளே தள்ளுங்கள். பிறகும் கீழே என்றால் கீபோர்டின் மாஸ்டர் டியூனிங்கை வழக்கமான 440 ஹெர்ட்ஸிலிருந்து 437-க்கு இறக்குங்கள். குழலை நீட்ட முடியும், குறைக்க முடியாது.

மூடுபனி (நுவரெலியா):
நன்றி. நடுவில் ஒலி அடைத்துக்கொள்கிறதே, அதுவும் குளிராலா? முடிவுகளில் ட்ரில் அறவே வேண்டாமா?

கண்டிச்சுருதி:
ஆம், மூச்சின் ஈரம் குளிர்ந்த காற்றுப்பாதையில் துளியாக நிற்கிறது. ஓய்வு வரும்போது ஊதுவாயிலிருந்து உள்ளே உறிஞ்சிவிடச் சொல்லுங்கள். குழலின் ஜன்னலில் (ஊதுவாய்க்குக் கீழே ஒலி பிறக்கும் திறப்பு) உள்ள கூர்விளிம்பை விரலால் தொடக்கூடாது. பிளாஸ்டிக் கருவி என்றால், பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளியை நாலைந்து துளி நீரில் கலந்து காற்றுப்பாதைக்குள் விட்டு, கழுவாமல் காயவிடுங்கள். நீர் துளியாகத் திரளாமல் படலமாகப் பரவும்.

ஊவாக்காற்று (பண்டாரவளை):
முக்கியமான முடிவில் மட்டும் ஒரு ட்ரில், மேல்சுரத்தில் தொடங்கி, நிதானமாக. மற்ற இடங்களில் ஒரு சாய்சுரம் (பக்கத்துச் சுரத்தில் சாய்ந்து முக்கிய சுரத்துக்கு வருவது) போதும்.