பெரிய வியாழன் அன்று பூத் டியூட்டி: கோவிலுக்கும் ஓட்டுக்கும் நடுவே உங்களுக்கு நடந்தது என்ன?

தூத்துக்குடிப் பக்கம், ஆசிரியை:

2019 மக்களவைத் தேர்தல் நமக்கு ஏப்ரல் 18. அன்றைக்குப் பெரிய வியாழன், ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை. தேதியை மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார்கள், மாறவில்லை. மதுரையில் சித்திரைத் திருவிழாவுக்காக இரவு 8 மணி வரை வாக்குப்பதிவு என்றார்கள். எங்களுக்கு வழக்கம்போல 6 மணிதான்.

இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்து அன்று சாயங்காலப் பூசையில் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார்கள். அந்த வருஷம் அந்தச் சடங்குக்கு எங்கள் பங்குக் கோவிலில் எடுத்த பன்னிரண்டு பேரில் நானும் ஒருத்தி. பெண்களையும் உட்கார வைக்கலாம் என்று போப் பிரான்சிஸ் 2016-லேயே சொல்லிவிட்டார். எங்கள் கோவிலுக்கு அது வந்து சேர மூன்று வருஷம் ஆயிற்று. பெயர்ப் பட்டியல் வாசித்த நாலாம் நாள் தேர்தல் ஆர்டர் கைக்கு வந்தது. வாக்குச்சாவடித் தலைமை அலுவலர்.

பயிற்சி வகுப்பில் மருத்துவச் சான்றிதழோடு ஒரு வரிசையே நின்றது. நானும் நின்றிருக்கலாம். முதுகுவலிக்கு ஒரு சீட்டு வாங்குவது என்ன பெரிய காரியம்? ஆனால் பொய்ச் சீட்டைக் கொடுத்துவிட்டு, அந்த வியாழக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்ட மனசு வரவில்லை. போனேன்.

எனக்கு விழுந்தது ஒரு கோவில் பள்ளிக்கூடம். காலையில் மாதிரி வாக்குப்பதிவுக்கு வந்த ஏஜென்ட் ஒருவர் சுவரைக் காட்டி, "டீச்சர், சிலுவை இருக்கே, ஓட்டுப் போடுற இடத்துல இது சரியா?" என்றார். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. அந்த அறை அன்றைக்கு எல்லோருக்கும் பொது. சார்ட் பேப்பர் தேடினேன். வாட்ச்மேன் அண்ணன் ஒரு ஊதாத் துணியோடு வந்தார். "கோவில்ல எல்லாச் சுரூபத்தையும் தவசு காலத்துக்கு மூடியாச்சு, இதுவும் மூடிக்கிடக்கட்டும் டீச்சர்" என்று பெஞ்சில் ஏறிக் கட்டிவிட்டார். ஏஜென்ட்டுக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி.

சாயங்காலம் மெஷினுக்கு சீல் வைத்து, பதிவான ஓட்டுக் கணக்கை எழுதும் 17சி படிவம் நிரப்பிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கோவிலில் மணி அடித்தது. பெரிய வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' பாடும்போது அடிக்கிற மணி. அதற்கப்புறம் பாஸ்கா இரவு, அதாவது ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி வரை மணிச் சத்தம் கிடையாது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். மண்டல அலுவலர் வந்து மெஷினை எடுத்துப்போக இரவு பதினொன்றரை. ஆராதனைக்கும் போய்ச்சேர முடியவில்லை.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

குமரி மாவட்டக் கடற்கரை, மீனவர்:

டீச்சர், நீங்கள் சிலுவையை மூடினீர்கள். எங்கள் ஃபாதர் மைக்கை மூடினார். ஒக்கிப் புயலுக்குப் பிறகு, கடலில் காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி 2017 டிசம்பரில் குழித்துறையில் ரயிலை மறித்து உட்கார்ந்தோம் அல்லவா, அப்போது அவர் எங்களோடு தண்டவாளத்தில் இருந்தார். நான் கட்சிக்காரன், கிளைப் பொறுப்பிலும் இருந்தேன். அடுத்த தேர்தலில் எங்கள் வேட்பாளர் பூசை முடிந்ததும் இரண்டு நிமிஷம் பேசட்டும் என்று கேட்டேன். "வெளியே பேசட்டும், நானும் நின்று கேட்கிறேன். கோவில் மைக் கிடையாது" என்றார். வழிபாட்டு இடத்தில் பிரச்சாரம் கூடாது என்பது தேர்தல் நடத்தை விதி. குருமார் கட்சியில் இறங்கக்கூடாது என்று திருச்சபைச் சட்டமும் சொல்கிறது. இரண்டும் எனக்குத் தெரியும். இருந்தாலும் கோபம். "ஒக்கிக்கு வந்த ஃபாதர் ஓட்டுக்கு வரமாட்டாரா?" என்று பங்குப்பேரவையில் கத்திவிட்டேன். இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடலில் காணாமல் போனவன் எந்தக் கட்சி என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லையே என்பது ரொம்பப் பிந்தித்தான் எனக்கு உறைத்தது.

திண்டுக்கல் மாவட்டம்:

நீங்களெல்லாம் எப்படி ஈடுபடுவது என்று யோசிக்கிறீர்கள். எங்கள் தெருவில் ஈடுபட விடுவார்களா என்பதே கேள்வி.

2019 டிசம்பரில் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு 27, 30 தேதிகளில் ஊரக உள்ளாட்சித் தேர்தல். எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி எஸ்.சி.க்கு ஒதுக்கீடு. நூறு நாள் வேலையில் கூலி குறைத்துப் போட்டதைத் தட்டிக் கேட்டவன் நான் என்பதால், நீதான் நிற்க வேண்டும் என்றார்கள். என் சாதிச் சான்றிதழில் கிறிஸ்தவ ஆதிதிராவிடர் என்று இருக்கிறது. அப்படியென்றால் பி.சி. 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து அல்லாதவர் எஸ்.சி. ஆக முடியாது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். நாங்கள் இன்னும் வெளியேதான். டீக்கடையில் எந்தத் தம்ளர் எனக்கு என்பதை மட்டும் யாரும் சான்றிதழ் பார்த்து முடிவு செய்ததில்லை.

கடைசியில் என் சித்தப்பா மகன் நின்றான். பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டில் இந்துப் பெயர். ஞாயிற்றுக்கிழமை சபையில் எனக்கு முன் வரிசையில் உட்காருகிறவன். அவன் கிறிஸ்தவன் என்று காட்ட, எதிர்த்து நின்றவரின் ஆட்கள் எங்கள் சபையைக் கவனிக்கும் உபதேசியாரிடம் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டு வந்தார்கள். அவர் நடுங்கிப்போய் என் வீட்டுக்கு வந்தார். கொடுத்தால் தம்பிக்குத் துரோகம், மறைத்தால் பொய். "சபைப் பதிவேடு சபைக்கு. கோர்ட் கேட்டால் கொடுப்போம் என்று சொல்லுங்கள்" என்றேன். அவர்கள் கோர்ட்டுக்குப் போகவில்லை. தம்பி ஜெயித்தான். நான் சொன்னது சரிதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. நன்றி ஜெபத்தில் அவன் சாட்சி சொல்ல எழுந்தபோது நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

சென்னைப் புறநகர்:

எங்கள் பெந்தெகொஸ்தே சபையில் நம் குடியிருப்பு பரலோகத்தில் என்று சொல்லியே அம்மா அறுபது வயதுவரை ஓட்டுப் போட்டதில்லை. 2021-இல் தெருவில் சாக்கடை வழிந்து வீட்டுக்குள் வந்தது. "பரலோகம் போறவரைக்கும் இங்கதான இருக்கணும்" என்று சொல்லிவிட்டு ஏப்ரல் 6 காலையில் முதல் ஆளாக வரிசையில் நின்றார். பாஸ்டருக்கு மை விரலைக் காட்டவும் செய்தார். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

குமரி மீனவர்:

டீச்சர், அப்புறம் உங்களுக்குப் பாதம் கழுவினார்களா இல்லையா?

ஆசிரியை:

2020-இல் ஊரடங்கு, கோவிலே பூட்டு. 2021-இல் கொரோனா பயத்தில் சடங்கை விட்டுவிட்டார்கள். 2022-இல்தான் உட்கார்ந்தேன். வாட்ச்மேன் அண்ணன் கொடுத்த ஊதாத் துணி இன்னும் என் பீரோவில்தான் கிடக்கிறது. ஒவ்வொரு தவசுக்கும் திருப்பிக் கொடுக்க நினைப்பேன், மறந்துவிடுவேன்.

திண்டுக்கல்காரரே, நீங்கள் எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. உபதேசியார் இப்போது எப்படி இருக்கிறார்?