மே மாதமாகியும் அடையாற்றில் உள்ளான்கள், ஏன் ஊருக்குக் கிளம்பவில்லை?

மந்தைவெளி மைனா:

வணக்கம். பறவை பார்க்க ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகிறது, தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள். மே முதல் ஞாயிறு காலை ஆறரைக்கு என் பெண்ணைக் கூட்டிக்கொண்டு சென்னை ஊரூர் குப்பத்திலிருந்து மணலிலேயே வடக்கே நடந்து, அடையாறு கடலில் சேரும் இடத்திலுள்ள உடைந்த பாலம் வரை போனேன். ஆற்றுப் பக்கம் சேறு நன்றாக வெளியே தெரிந்தது. அதில் முப்பது, முப்பத்தைந்து சின்னப் பறவைகள், எல்லாமே மேலே சாம்பல், கீழே வெள்ளை. சில ஓடுவதும் சட்டென்று நிற்பதும் ஒரு கொத்து கொத்துவதுமாக இருந்தன. மற்றவை தலையே தூக்காமல் தையல் மிஷின் ஊசி மாதிரி சேற்றைக் குத்திக்கொண்டே நகர்ந்தன. ஒன்று மட்டும் ஓரமாக ஒற்றைக் காலில் நின்றது. "அதுக்குக் கால் உடைஞ்சிருச்சாம்மா, அதான் ஊருக்குப் போகலையா?" என்று பெண் கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை.

வலசை வரும் கரைப்பறவைகள் ஏப்ரலோடு கிளம்பிவிடும் என்றுதான் படித்திருக்கிறேன். அப்படியென்றால் இவை நோய்ப்பட்டவையா, இல்லை இங்கேயே இருக்கும் வேறு பறவைகளா? இன்னொன்று, அடுத்த ஞாயிறு அதே நேரத்துக்குப் போனால் கரை வரை தண்ணீர், ஒரு பறவைகூட இல்லை. ஒரு வாரத்துக்குள் எங்கே போயிருக்கும்?

பவளக்காலி:

முதலில் உங்கள் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள், கால் உடையவில்லை. ஓய்வெடுக்கும்போது இவை ஒரு காலை வயிற்று இறகுக்குள் மடக்கி வைத்துக்கொண்டு நிற்கும், சில சமயம் அதே ஒற்றைக் காலில் தத்திக்கொண்டே நகரவும் செய்யும். முதல் முறை பார்க்கும் எல்லோருக்கும் இந்தப் பதற்றம் வரும், எனக்கும் வந்தது.

அவை பெரும்பாலும் போன வருடக் கோடையில் பிறந்த குஞ்சுகள். ஓடி நின்று கொத்தியவை மணல் உப்புக்கொத்திகளாக இருக்கும். பெரிய கண், குட்டை அலகு, மண்மேல் எது அசைகிறது என்று கண்ணால் பார்த்துத்தான் பிடிக்கும். குத்திக்கொண்டே போனவை, அலகு கொஞ்சம் நீளமாகக் கீழ்நோக்கி வளைந்திருந்தால், வளைந்த அலகுள்ள உள்ளான்கள். அவற்றுக்கு அலகு நுனியில் உணர்வு நரம்புகள் உண்டு, சேற்றுக்குள் இருக்கும் புழுவைப் பார்க்காமலே தொட்டுக் கண்டுபிடிக்கும். ஒரே சேற்றில் இரண்டும் போட்டியில்லாமல் மேய்வது இதனால்தான். இந்த உள்ளான் முட்டையிடுவது சைபீரியாவின் வடகோடியில், ஆர்க்டிக் கரையோரத் துந்திரப் பகுதியில். மணல் உப்புக்கொத்திகளில் ஒரு பகுதி லடாக், திபெத் மேட்டு நிலங்களில் குஞ்சு பொரிக்கும்.

அவ்வளவு தூரம் போய்வர உடம்பில் கொழுப்பு சேர வேண்டும், சிறகு இறகுகள் தேயாமல் இருக்க வேண்டும். கரைப்பறவைகளில் பல முதல் வயதில் முட்டையிடுவதில்லை. அதனால் அவற்றில் நிறைய அந்த வருடம் வடக்கே போகாமல் இங்கேயே கோடையைக் கழித்துவிடுகின்றன. நிறமே அதற்குச் சாட்சி. ஏப்ரலில் நீங்கள் வந்திருந்தால் கிளம்பத் தயாரான வளர்ந்த பறவைகளைப் பார்த்திருக்கலாம், உள்ளானுக்குக் கழுத்திலிருந்து வயிறு வரை செங்கல் நிறம் ஏறியிருக்கும், உப்புக்கொத்திக்கு மார்பில் காவிப் பட்டை விழுந்திருக்கும். மே மாதத்திலும் வெறும் சாம்பலாக நிற்பவை பெரும்பாலும் தங்கிவிட்டவைதான். நோய் இல்லை, ஊர் திரும்ப இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு காணாமல் போனதற்குக் காரணம் ஓதம், அதாவது கடல் தண்ணீர் ஏறி இறங்குவது. தினமும் ஏற்றமும் வற்றமும் இரண்டிரண்டு முறை வரும், ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் அது கிட்டத்தட்ட 6 மணி நேரம், அதாவது வற்றம் இருந்த நேரத்தில் ஏற்றம் வந்து நிற்கும். ஞாயிறு தவறாமல் ஒரே நேரத்துக்குப் போனால் ஒரு வாரம் சேறு, ஒரு வாரம் தண்ணீர். தண்ணீர் ஏறும்போது பறவைகள் நனையாத மணல் திட்டாகப் பார்த்துக் கூட்டமாக உட்கார்ந்துவிடும், மணலோடு மணலாகத் தெரியும். ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது, பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கணக்குப்படி வரும் ஞாயிறு ஆறரைக்கு மறுபடி சேறு தெரிய வேண்டும். கடல் முதுகுப் பக்கம் இருக்கும்படி ஆற்றைப் பார்த்து நில்லுங்கள், காலை வெயில் பறவைமேல் நேராக விழும். ஒன்பது மணிக்கு மேல் மணல் கொதிக்கும், கானலில் எதுவும் தெளிவாகத் தெரியாது.

ஊரூர் வலைக்காரன்:

அக்கா, பவளக்காலி சார் சொன்னது கடல் கணக்குக்குச் சரி. ஆற்றுக்குள் அந்தக் கணக்கு அப்படியே வராது. நம் ஊரில் ஓதம் ஏறி இறங்குவது அதிகம் போனால் ஒரு மீட்டர் அளவுதான், குஜராத் பக்கம் காம்பே வளைகுடாவில் 10 மீட்டர் ஏறும் என்பார்கள். இந்தக் கொஞ்சத் தண்ணீரும் முகத்துவாரம் திறந்திருந்தால்தான் உள்ளே போய்வரும். ஐப்பசி, கார்த்திகை மழை வெள்ளம் மணலை வெட்டிக்கொண்டு போய் வாயை அகலமாக்கும். தை கழிந்து ஆற்றில் வரத்து குறைந்ததும், தெற்கேயிருந்து அலை கொண்டுவரும் மணல் மேடு வைக்க ஆரம்பிக்கும், சித்திரை வெயிலில் வாய் குறுகிக்கொண்டே வரும். சில வருடம் அடைத்தே போகும், மெஷின் வைத்து வெட்டிவிடுவார்கள். அடைத்துவிட்டால் உள்ளே ஏற்றமும் இல்லை வற்றமும் இல்லை, சாக்கடைத் தண்ணீர் தேங்கி நாறும், சேறு மூழ்கிவிடும். அப்போது குருவிக்கு இரை ஏது?

இப்போது வாய் பாதி திறந்திருக்கிறது, இந்தப் பத்து நாளில் இன்னும் குறுகியிருக்கிறது. அதனால் கடல் வற்றினாலும் ஆற்றுத் தண்ணீர் வெளியேற ஒரு மணி நேரமாவது கூட எடுக்கும். ஆறரைக்குத் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், ஏழரை வரை நில்லுங்கள். முதலில் பாலத்துத் தூண் ஓரம் ஈரக் கோடு தெரியும், அப்புறம் மளமளவென்று சேறு வெளியே வரும்.

கேளம்பாக்கம் கழி:

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். இந்தப் பறவைகளை எழுப்பாதீர்கள். பறக்கிற படம் எடுப்பதற்காகக் கூட்டத்துக்குள் ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. நாய் துரத்தினாலும் மனிதன் துரத்தினாலும் அதற்கு ஒன்றுதான், காலையில் தின்றது பறப்பதிலேயே செலவாகிவிடும். பறவை தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். காய்ந்த மணல் மேட்டில் நடக்கும்போதும் காலடியைப் பாருங்கள், சின்ன ஆலா என்ற கடற்கரைப் பறவைக்கு இது முட்டையிடும் காலம். கூடு என்று ஒன்றும் கட்டாது, மணலில் ஒரு குழி, அதில் மணல் நிறத்தில் புள்ளி போட்ட இரண்டு மூன்று முட்டை, மிதிக்கும்வரை தெரியாது. ஒரு ஆலா தலைக்குமேல் கத்திக்கொண்டே சுற்றினால் வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

மந்தைவெளி மைனா:

எல்லோருக்கும் நன்றி, இன்று போய்வந்தேன். ஆறரைக்குத் தண்ணீர்தான். தம்பி சொன்னபடி நின்றோம், ஏழேகாலுக்குத் தூண் ஓரம் கறுப்பாக ஒரு விளிம்பு, கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ வந்து இறங்கின. பெண் எண்ணியதில் 23. ஒரு உப்புக்கொத்தி இருபதடி தூரத்தில் புழு ஒன்றைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறது, புழு ரப்பர் மாதிரி நீள்கிறது, அறுந்துவிடாமல் நிதானமாகப் பின்னால் சாய்ந்து சாய்ந்து முழுசாக வெளியே எடுத்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் மூச்சே விடவில்லை. ஒற்றைக்காலன் இன்றும் இருந்தது, எங்கள் கண்முன்னே இன்னொரு காலையும் கீழே வைத்து, சிறகை ஒரு பக்கமாக நீட்டி மடக்கிவிட்டு மேயப் போனது. பெண் கைதட்டப் போனவள் நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள்.

வடக்கே போனவை எப்போது திரும்பும்?

பவளக்காலி:

ஜூலைக் கடைசியிலேயே முதல் ஆட்கள் வந்துவிடுவார்கள், ஆகஸ்டில் கூட்டம் சேரும். பெரியவை முதலில், செங்கல் நிறம் பாதி உதிர்ந்து திட்டுத் திட்டாக இருக்கும். இந்த வருடக் குஞ்சுகள் அதற்குப் பிறகு, அப்பா அம்மா துணையில்லாமல் தாங்களே வழி கண்டுபிடித்து வரும். ஆகஸ்டில் ஒரு வற்றம் பார்த்து வாருங்கள், டெலஸ்கோப் கொண்டுவருகிறேன்.

ஊரூர் வலைக்காரன்:

வாங்க அக்கா. வாய் எப்படி இருக்கிறது என்று முந்தின நாள் சாயங்காலம் பார்த்து இங்கேயே எழுதிப்போடுகிறேன்.