அன்டில், பை, ஹாஃப் செவன்: லித்துவேனியர்களோட இங்கிலீஷ்ல நேரம் பேசின அனுபவங்கள்

நேரிஸ் கரை:

லித்துவேனியத் தலைநகர் வில்னியஸ் வந்து ஆறு வருஷம் ஆச்சு. பகல்ல கம்பெனி வேலை, செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் பெரியவங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றேன். மொத்தம் பதினோரு பேர், எல்லாரும் ஆபீஸ் முடிஞ்சு கையில காபியோட வர்றவங்க. ஸ்பெல்லிங், உச்சரிப்பு எல்லாம் எப்படியோ சமாளிச்சிடறாங்க. நேரத்தைப் பத்திப் பேச்சு வந்தாத்தான் வண்டி தடம் மாறுது. லித்துவேனியர்களோட பழகுறவங்க, வேலை பார்க்கிறவங்க உங்க கதையையும் போடுங்க. முதல்ல என்னோடது.

கிளாஸ்ல ஒரு அம்மா, கணக்கு எழுதுற வேலை. லண்டன் வாடிக்கையாளர் ஒருத்தருக்கு மெயில் போட்டிருக்காங்க: 'யூ மஸ்ட் பே அன்டில் ஃபிஃப்டீன்த் மார்ச்.' மார்ச் 15க்குள்ள பணம் கட்டுங்கன்னு சொல்ல வந்தாங்க. அந்த மனுஷன் குசும்பு பிடிச்சவர் போல, 'அப்போ 16ஆம் தேதியில இருந்து கட்ட வேண்டாமா?'ன்னு திருப்பிக் கேட்டிருக்கார். அம்மாவுக்கு எங்க தப்புன்னே பிடிபடல. மெயிலை பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்து என் மேஜையில வச்சாங்க.

அவங்க மொழியில 'இக்கி'ன்னு ஒரே சொல். வெள்ளிக்கிழமை வரைக்கும்னாலும் இக்கி, வெள்ளிக்கிழமைக்குள்ளன்னாலும் இக்கி. கிளம்பும்போது 'வரட்டா'ங்கிறதுக்கும் இக்கி. போதாக்குறைக்கு ஒரு சூப்பர் மார்க்கெட்டோட பேரும் இக்கிதான். இங்கிலீஷ்ல 'பை' தனி, 'அன்டில்' தனி. போர்டுல ஒரு கோடு போட்டேன். கோடு முழுக்க நடந்துக்கிட்டே இருந்தா 'அன்டில்': ஆறு மணி வரைக்கும் தூங்கினேன். கோட்டுல எங்கயோ ஒரு புள்ளின்னா 'பை': ஆறு மணிக்குள்ள போன் பண்றேன். நமக்கு 'வரைக்கும்', 'குள்ள'ன்னு ரெண்டும் தனித்தனியா இருக்கிறதால சட்டுன்னு ஏறிடும். அவங்களுக்கு மூணு கிளாஸ் பிடிச்சுது. இப்பவும் கை தன்னால 'அன்டில்'னுதான் அடிக்குதாம். அனுப்புறதுக்கு முன்னாடி மெயில்ல அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்து மாத்திடறாங்க.

அடுத்தது 'பிரியெஷ்'. சாப்பாட்டுக்கு முன்னாடின்னாலும் அதுதான், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடின்னாலும் அதுதான். அதனால 'பிஃபோர் டூ இயர்ஸ் ஐ வாஸ் இன் நார்வே.' நானும் பெரிய வாத்தியார் கணக்கா 'அகோ, அகோ'ன்னு திருத்திட்டு வந்தேன். அன்னைக்கு ராத்திரி சான்றிதழ் தேடும்போது, முதல் வேலைக்கு நான் எழுதின விண்ணப்பத்தோட நகல் கிடைச்சுது. முதல் வரி: 'பிஃபோர் த்ரீ மன்த்ஸ் ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி.' மூணு மாசத்துக்கு முன்னாடி! அச்சு அசல் நம்ம தமிழ். மடிச்சு அதே பெட்டிக்குள்ள வச்சுட்டேன்.

லிங்கன்ஷயர் பொஸ்டன்காரன்:

நல்ல திரி. நான் இங்கிலாந்தில, மரக்கறி பொதி பண்ணுற இடமொண்டில சூப்பர்வைசர். அமெரிக்கப் பொஸ்டன் இல்லை, இது லிங்கன்ஷயரில இருக்கிற பழைய பொஸ்டன். எங்கட ஷிஃப்டில லித்துவேனியாக்காரர் கனபேர். 2004இல அவையின்ர நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில சேர்ந்த பிறகு வந்த ஆக்கள்தான் கூட.

புதுசா வந்த பொடியன் ஒருத்தனுக்கு, 'நாளைக்கு ஹாஃப் செவனுக்கு வா, நான் ஷட்டர் திறப்பன்' எண்டு சொன்னனான். டிசம்பர் மாதம். நான் ஏழு இருபத்தைஞ்சுக்கு வந்து காரை நிப்பாட்டுறன், அவன் ஷட்டருக்கு முன்னால கை ரெண்டையும் கக்கத்துக்குள்ள வைச்சுக்கொண்டு நிக்கிறான். மூக்கு தக்காளிப்பழம் மாதிரி. 'எத்தினை மணிக்கு வந்தனி?' எண்டு கேட்டன். 'ஹாஃப் செவன்' எண்டான். 'அதுக்கு இன்னும் அஞ்சு நிமிசம் கிடக்கே' எண்டன். மணிக்கூட்டைக் காட்டுறான், என்னைப் பார்க்கிறான், ஒண்டும் சொல்லேல்லை.

அவையின்ர பாஷையில 'புசே செப்தீனியு' எண்டால் சொல்லுக்குச் சொல் 'ஏழின்ர பாதி'. ஆறு முடிஞ்சு, ஏழை நோக்கிப் போற மணித்தியாலத்தில பாதி போட்டுது, அப்ப ஆறரை. ஜெர்மன்காரரும் ரஷ்யரும் உப்பிடித்தான் எண்ணுறவை. இஞ்சத்தையான் வெள்ளையர் 'ஹாஃப் பாஸ்ட் செவன்' எண்டதில நடுவில கிடக்கிற 'பாஸ்ட்'டை விழுங்கிப்போட்டு 'ஹாஃப் செவன்' எண்டுவினம். அது ஏழரை. பள்ளிக்கூடத்தில அவனுக்குப் படிப்பிச்சது முழு வடிவத்தை. விழுங்கினதை ஆர் படிப்பிக்கிறது?

எங்களுக்கு உந்தக் கரைச்சல் இல்லை. ஏழும் அரையும் ஏழரை. முடிஞ்ச மணியில இருந்துதான் கூட்டிக்கொண்டு போறம். ஆனால் ஆறே முக்காலை அவை 'பதினைஞ்சு இல்லாத ஏழு' எண்டு சொல்லுவினம். அது இங்கிலீஷ் 'குவாட்டர் டு செவன்' ஓட நல்லாப் பொருந்துது, அதில ஒருத்தரும் பிழை விட்டு நான் காணேல்லை.

அண்டைக்கு அவனுக்கு ஒரு மணித்தியாலச் சம்பளம் கூடப் போட்டனான். அதுக்குப் பிறகு நான் ஒருத்தருக்கும் 'ஹாஃப்' எண்டு வாய் திறக்கிறேல்லை. எழுத்தில 07:30, அவ்வளவுதான்.

கௌனஸ் மெடிக்கோ:

நான் கௌனஸ்ல மருத்துவம் படிக்கிறேன். கூடப் படிக்கிற ஒரு லித்துவேனியப் பையன் 'லெட்ஸ் மீட் ஆன் த தேர்ட் டே'ன்னு மெசேஜ் போட்டான். மூணாம் தேதின்னு நினைச்சேன். அவன் சொன்னது புதன்கிழமை. அவங்க கிழமைக்கெல்லாம் பேரே முதல் நாள், ரெண்டாம் நாள், மூணாம் நாள்தான். திங்கள்ல இருந்து எண்ணிக்கிட்டுப் போய் ஞாயிறு ஏழு. வந்த புதுசுல ஜெராக்ஸ் கடைக் கதவுல ரோமன் எண்ணுல I-V, VI, VII-ன்னு போட்டிருக்கிறதைப் பார்த்து, இது எத்தனாவது மாடின்னு மேல பார்த்துட்டு நின்னிருக்கேன். அது கடை திறந்திருக்கிற கிழமைங்க.

இங்கிலீஷ் கிழமை நமக்கு சுலபமா வந்ததுக்கு ஒரு காரணம் இருக்குன்னு அப்பதான் உறைச்சுது. சன்டேன்னா ஞாயிறு, மன்டேன்னா திங்கள், சாட்டர்டேன்னா சனி. சூரியன், சந்திரன், சனின்னு அதே வரிசை. எண்ணிப் பழகினவனுக்கு அந்தப் பிடி கிடையாது. டியூஸ்டேயும் தர்ஸ்டேயும் மாறி மாறி வர்றதுல ஆச்சரியமே இல்ல.

மாசம் இன்னும் வேடிக்கை. ஜனவரி, பிப்ரவரியை நாம ஆங்கிலத்துல இருந்து அப்படியே எடுத்துக்கிட்டோம். டீக்கடையில கூட ஆகஸ்ட்னுதான் சொல்றோம். லித்துவேனியர்கள் அதை எடுத்துக்கவே இல்ல. மார்ச்னா 'கோவஸ்', அது காக்கை இனத்துல ஒரு பறவை. ஏப்ரல் புறா, மே குயில். ஜூன் பேர் பிர்ச் மரத்துல இருந்து வந்தது, ஜூலை லிண்டன் மரம். ஆகஸ்ட் கம்புத் தானிய அறுப்பு, செப்டம்பர் அதோட விதைப்பு. நம்ம கம்பு இல்ல, ரொட்டிக்குப் போடற ரை. நவம்பர் இலையுதிர்வு. நோயாளியோட பழைய வரலாறு கேட்கிற பயிற்சியில, ஆபரேஷன் எந்த மாசம்னு கேட்டா என் பார்ட்னர் கண்ணை மூடி குயில், பிர்ச், லிண்டன்னு மனசுக்குள்ள எண்ணி, அப்புறம் விரலால அஞ்சு, ஆறு, ஏழுன்னு எண்ணி, 'ஜூலை'ம்பான். பாதி நேரம் ஜூன்தான் சரியா இருக்கும். சிரிப்பு வரும். சித்திரையில இருந்து ஐப்பசி எத்தனாவதுன்னு கேட்டா நானும் விரலைத்தான் மடக்குறேன், அது வேற கதை.

கிளைபெடா மருமகள்:

எனக்குக் கிடைச்ச மாணவி என் மாமியார். வயசு அறுபத்தெட்டு. பேத்தியோட பேசணும், என் அம்மாவோட வீடியோ கால்ல பேசணும்னு போன்ல இங்கிலீஷ் கத்துக்கறாங்க.

முதல் புத்தாண்டுக்கு என் அம்மாகிட்ட 'ஹேப்பி நியூ இயர்ஸ்!'னு கத்தினாங்க. லித்துவேனிய மொழியில வருஷம்ங்கிற சொல், 'மேதய்', பன்மையில மட்டும்தான் வரும். ஒரு வருஷமா இருந்தாலும் பன்மைதான், அதுக்குன்னு ஒண்ணு, ரெண்டுக்கே தனி வடிவம் வச்சிருக்காங்க. பிறந்தநாள் வாழ்த்தும் அதே சொல்லுல, 'மிக நீண்ட வருஷங்கள்'னு வரும். அம்மா அர்த்தம் கேட்டுட்டு, 'நூறு வருஷம் நல்லா இருன்னு சொல்றாங்க, சரியாத்தானே சொல்லியிருக்காங்க'ன்னாங்க.

மாத்திரை அட்டையில 'த்ரீ டைம்ஸ் எ டே'ன்னு இருந்தது. டைம்னா 'லாய்கஸ்'னு ஆப் சொல்லிக் கொடுத்திருக்கு, அப்போ மூணு நேரங்கள்னா என்னன்னு கேட்டாங்க. தடவைக்கு அவங்ககிட்ட தனிச் சொல், 'கர்தஸ்'. நம்மகிட்டயும் அப்படித்தானே: நேரம், தடவை, வேளை, பொழுது, காலம். மருந்துன்னா மூணு வேளை. இது அத்தனைக்கும் இங்கிலீஷ்ல பெரும்பாலும் ஒரே டைம். இந்த விஷயத்துல நானும் மாமியாரும் ஒரே கட்சி.

இன்னும் கேளுங்க. நாளன்னைக்கு அவங்களுக்கு 'பொரீத்', முந்தாநேத்து 'உஷ்வகர்'. ஒத்தைச் சொல். 'த டே ஆஃப்டர் டுமாரோ'ன்னு சொல்லிக் கொடுத்தேன். 'இவ்வளவு நீளமா? சொல்லி முடிக்கிறதுக்குள்ள அந்த நாளே வந்துடும்'னாங்க. பகலும் ராத்திரியும் சேர்ந்த முழு இருபத்திநாலு மணி நேரத்துக்கு 'பரா'ன்னு ஒரு சொல், பகலுக்கு 'தியெனா'. நம்ம நாள், பகல் மாதிரின்னு வச்சுக்கோங்க. தியெனா காதுல விழும்போதெல்லாம் எனக்கு தினம்னு கேட்கும். அது பிரமை இல்ல. சமஸ்கிருதம் வழியா நமக்கு வந்த தினமும் அவங்க தியெனாவும் ஒரே வேர்.

ஜூன்ல ராத்திரி பத்து மணி வரைக்கும் இங்க வெளிச்சம் இருக்கும். அந்த நேரத்துக்கு ஃபோன்ல யாருக்காவது 'குட் ஈவினிங்'னு சொல்லவே மாட்டாங்க, 'குட் டே'தான். திருத்துறதை நான் விட்டுட்டேன்.

நேரிஸ் கரை:

பொஸ்டன்காரர் சொன்னதைக் கிளாஸ்ல சொன்னேன். ரெண்டு பேர் கையைத் தூக்கி தங்களுக்கும் அதே ஆச்சுன்னாங்க, ஒருத்தர் டப்ளின்ல வேலை இன்டர்வியூவுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போய் உட்கார்ந்திருந்தாராம். அவருக்கு வேலை கிடைச்சுதாம், அது அந்த ஒரு மணி நேரத்தாலன்னு இன்னும் நம்புறார்.

இன்னொண்ணு விட்டுட்டேன். 'ஐ லிவ் ஹியர் ஆல்ரெடி ஃபைவ் இயர்ஸ்.' அஞ்சு வருஷமா இங்க இருக்கேன்னு நிகழ்காலத்துல சொல்றோமே, அதேதான் அவங்களும். இங்கிலீஷ்காரன் மட்டும் 'ஹேவ் லிவ்ட்'ங்கிறான். இருக்கேன்ங்கிறதை எதுக்கு இருந்திருக்கேன்னு சொல்லணும்னு ஒருத்தர் கேட்டார். இலக்கண விதியைச் சொன்னேன். மனசுக்குள்ள நான் அவர் பக்கம்தான்.

கழிச்சுங்கிறதுக்கு அவங்க சொல் 'போ'. ஒரு மணி நேரம் கழிச்சுன்னா 'போ வலந்தோஸ்'. முதல் மாசம் பூரா யாரோ என்னைத் துரத்துற மாதிரியே இருந்தது. போன வியாழன் ஒருத்தர் மெசேஜ்: 'சாரி டீச்சர், ஐ வில் கம் ஆஃப்டர் டென் மினிட்ஸ்.' 'இன் டென் மினிட்ஸ்'னு வரணும், பத்து வாரமா சொல்றேன். நான் போட்ட பதில்: 'ஓகே, வீ வில் ஸ்டார்ட் ஆஃப்டர் டென் மினிட்ஸ்.' அனுப்பின பிறகுதான் பார்த்தேன். அவர் வந்து உட்கார்ந்ததும் ஒண்ணும் சொல்லல, போனை மட்டும் என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

சரி, இவ்வளவு கதை இருக்கு, எல்லாருமா ஒரு நாள் கால்ல பேசலாமே. அடுத்த சனிக்கிழமை ஏழரைக்கு?

லிங்கன்ஷயர் பொஸ்டன்காரன்:

அடுத்த சனி எண்டால் வாற சனியோ, அதுக்கு அங்கால சனியோ? ஏழரை எண்டால் உங்கட ஏழரையோ, ரெண்டு மணித்தியாலம் பிந்தி வாற எங்கட ஏழரையோ?

கிளைபெடா மருமகள்:

ஏழரையும் சனியும் சேர்த்து வைக்காதீங்க சாமி. வெள்ளிக்கிழமை பாருங்க.