புண்ணாக்கைக் கூட்டியும் பால் கூடவில்லை, தொழுவத்தில் கண்ணெரியும் நெடி: உதவி தேவை

கொருக்குப்பேட்டை (கேள்வி):
வணக்கம். என்னிடம் இரண்டு ஜெர்சிக் கலப்பினப் பசுக்கள் இருக்கின்றன. மூத்தது கன்று ஈன்று நான்கு மாதமாகிறது, நாளுக்கு 9 லிட்டர் கறக்கிறது. இன்னும் கூடட்டும் என்று கடலைப் புண்ணாக்கை 1 கிலோவிலிருந்து 2.5 கிலோவாக்கினேன். மூன்று வாரமாகியும் பால் அப்படியே நிற்கிறது. சாணம் கூழாகிவிட்டது. விடியற்காலையில் தொழுவத்துக்குள் நுழைந்தால் கண் எரிகிறது. சினை ஊசி இரண்டு முறையும் நிற்கவில்லை. மற்றபடி வைக்கோல் 5 கிலோ, தவிடு 1 கிலோ. தீவனக் கடையில், "யூரியா ஒரு பிடி கலந்து கொடுங்கள், புண்ணாக்குச் செலவு பாதியாகும்" என்கிறார்கள். மணலியில் உரமாகத் தயாராகும் பொருளை மாட்டின் வாயில் போட மனம் ஒப்பவில்லை. என்ன செய்வது?

மாதவரம்:
தம்பி, யூரியாவைத் தொடாதீர்கள். யூரியா கொடுப்பது நைட்ரஜனைத்தான், புரதத்திலும் இருப்பது அதுதான். உங்கள் பசுவுக்கு அது குறைவில்லை, மிஞ்சிக் கிடக்கிறது. கடலைப் புண்ணாக்கில் ஏறக்குறைய 45 சதவீதம் புரதம். 2.5 கிலோ என்றால் அதிலேயே 1.1 கிலோ வந்துவிடுகிறது. 9 லிட்டர் கறக்கும் பசுவின் ஒரு நாள் தேவையே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

மாட்டின் முதல் இரைப்பையான பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை புண்ணாக்கின் புரதத்தைப் பெரும்பாலும் அம்மோனியா வரைக்கும் உடைத்து, அதிலிருந்து தங்கள் உடலைக் கட்டிக்கொள்கின்றன. அந்த உடல்கள் குடலுக்குப் போய்ச் செரித்துத்தான் பசுவுக்குப் புரதமாகின்றன. ஆனால் கட்டுவதற்கு மாவுச்சத்து அதே வேளையில் கையில் இருக்க வேண்டும். வைக்கோல் மெதுவாகக் கரையும், புண்ணாக்கோ வேகமாகக் கரையும். பயன்படாத அம்மோனியா இரத்தத்தில் ஏறுகிறது, கல்லீரல் அதை யூரியாவாக்கி மூத்திரத்தில் தள்ளுகிறது. மூத்திரத்திலுள்ள யூரியா தொழுவத்தில் மறுபடி அம்மோனியாவாகிறது. உங்கள் கண்ணை எரிப்பது அதுதான். மிஞ்சிய அம்மோனியாவை யூரியாவாக்கி வெளியேற்றவும் பசுவின் சக்திதான் செலவாகிறது.

புண்ணாக்கை 1.25 கிலோவாகக் குறையுங்கள். உடைத்த மக்காச்சோளம் அரை கிலோவில் தொடங்கி, பத்து நாளில் 1.5 கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். பசும்புல் கிடைத்தால் விடாதீர்கள். மாவுச்சத்துதானே என்று மண்டபத்தில் மிஞ்சிய சோற்றை மட்டும் கொட்டிவிடாதீர்கள். வயிறு புளித்து ஒரே இரவில் மாடு விழுந்துவிடும்.

தண்டையார்பேட்டை:
நாங்கள் பல வருடங்களாக யூரியா வைக்கோல் கொடுக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே?

மாதவரம்:
ஐயா, நீங்கள் செய்வது வேறு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் முழுக்கக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி, திறந்ததும் ஆறவிட்டுக் கொடுப்பது நல்ல முறை. நார் இளகும், புரதம் ஏறும். கடைக்காரர் சொல்வதோ ஒரு பிடி. கை அளவு ஆளுக்கு ஆள் மாறும். பழகாத மாட்டுக்கு அரை மணி நேரத்திலேயே நடுக்கமும் நுரையும் வயிற்று உப்புசமும் வந்துவிடும். அப்படி நேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். தீவனத்தில் யூரியா சேர்ப்பவர்கள் அடர்தீவனத்தில் (புண்ணாக்கு, தவிடு, தானியக் கலவை) 1 சதவீதத்தைத் தாண்டாமல், எடை போட்டு, சீராகக் கலந்து, இரண்டு மூன்று வாரம் பழக்கித்தான் கொடுக்கிறார்கள். சோயா மொச்சையைப் பச்சையாக அதனுடன் சேர்க்கவே கூடாது.

கொருக்குப்பேட்டை தம்பிக்கு: சினை நிற்காததற்கும் இந்த மிகை அம்மோனியா ஒரு காரணமாகலாம். ஆனாலும் வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் கருப்பையைப் பார்த்துவிடுங்கள். சாணத்தில் புழு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை:
அண்ணா, 16 நாளாயிற்று. சாணம் கெட்டிப்பட்டது. நெடி அடங்கிவிட்டது, விடியற்காலையில் கண்ணைத் திறந்தபடியே கறக்கிறேன். பால் 10 லிட்டரைத் தொட்டிருக்கிறது. சாணத்தில் புழு இல்லை. கருப்பையில் குறையில்லை, அடுத்த பருவத்துக்கு ஊசி போடலாம் என்றார்கள். கடைசியாக ஒன்று: தண்டையார்பேட்டை ஐயா சொன்ன வைக்கோலை நான்கு மாதக் கன்றுக்கும் போடலாமா?

மாதவரம்:
கூடாது. பெருவயிறு முழுதாக வேலை செய்யாத வயது அது. ஆறு மாதம் கடக்கட்டும்.