அப்பாவின் சிவிக்: கீழே ஒன்று, மேலே ஒன்று

குழு: நம்ம வீடு

சனி, காலை 7:10

நான்: 📷 அப்பாவின் 1992 சிவிக். நேற்று ராத்திரி எஞ்சினின் ஹெட் (வால்வுகள் இருக்கும் மேல்பாகம்) உட்கார்ந்துவிட்டது.

அம்மா: நல்லது கண்ணா. சாப்பிட்டாயா?

நான்: சாப்பிட்டேன் அம்மா.

சித்தப்பா: கீழே ஒரு எஞ்சின், மேலே வேறொன்று மாதிரி தெரிகிறதே?

நான்: ஆமாம் சித்தப்பா. கீழே அத்தான் கொடுத்த பி18பி பிளாக், பிஸ்டன்கள் ஓடும் அடிப்பாகம். மேலே பி16ஏ ஹெட். இரண்டுமே ஹோண்டாவின் பி வரிசை, சிலிண்டர் விட்டமும் ஒரே 81 மி.மீ.

சித்தப்பா: விட்டம் ஒத்துப்போனால் போதுமா? எண்ணெய் எந்த வழியாக மேலே போகிறது? அதை முதலில் சொல்.

நான்: நான் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டதே அதற்குத்தான். பி16ஏ விடெக் ஹெட், வேகத்துக்கு ஏற்ப வால்வு திறப்பதை மாற்றும் வகை. ஒரு ஜோடி வால்வுக்கு மூன்று கேம் லோப் (வால்வைத் திறக்கும் மேடு). வேகம் கூடும்போது எண்ணெய் அழுத்தம் ஒரு பின்னைத் தள்ளும், லோபின் தள்ளலை வால்வுக்குக் கொடுக்கும் மூன்று ராக்கரும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், நடுவில் இருக்கும் பெரிய லோப் வேலைக்கு வரும். இங்கே எண்ணெய் வழுவழுப்புக்கு மட்டும் இல்லை, சுவிட்சைப் போடுவதும் அதுதான். ஆனால் பி18பி விடெக் இல்லாத பிளாக். சுவிட்சுக்குப் போக வேண்டிய எண்ணெய்க்கு அதில் வழியே கிடையாது.

சித்தப்பா: அப்புறம்?

நான்: ஹெட்டின் அடியில் இருக்கும் அந்தத் துளைக்கு மரை போட்டு அடைத்தேன். பிளாக்கின் பின்பக்கம் எண்ணெய் அழுத்த சென்சார் இருக்கும் இடத்திலிருந்து தனியாக ஒரு ஹோஸ் எடுத்து ஹெட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். ஹெட்டை நேராக நிறுத்தும் டோவல் பின்களும் இடம் மாறியிருந்தன. பிளாக்கில் அந்த இடத்தை அத்தான்தான் பெரிதாக்கிக் கொடுத்தார்.

அத்தான்: அதில் அவசரப்பட முடியாது மாமா. துளை கொஞ்சம் சாய்ந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட் போய்விடும்.

அக்கா: எனக்கு ஒரு சந்தேகம். முழு பி16ஏ எஞ்சினையே வாங்கிப் போட்டிருக்கலாமே? இத்தனை பாடு எதற்கு?

நான்: அது 1595 சிசி அக்கா, இது 1834. இழுவைக்கு அந்த 239 சிசி பெரிய விஷயம். பி16ஏ மேல் சுற்றில்தான் உயிர் வந்து ஓடும். நாம் ஐந்து பேர் பெட்டியோடு ஏறினால் கீழ் சுற்றிலேயே வண்டி இழுக்க வேண்டாமா? பிளாக்கோடு கியர்பாக்ஸும் கைக்கு வந்துவிட்டது. சிவிக்கின் பழைய கியர்பாக்ஸ் டி வரிசை எஞ்சினுக்கு உரியது, இதில் உட்காராது.

சித்தப்பா: இழுவை சரி. அந்த ஹெட்டைப் பார்த்து ஆசைப்பட்டு நிமிடத்துக்கு 8,000 சுற்றுக்கு மிதித்தால் கீழே இருப்பது தாங்குமா?

நான்: தாங்காது. 7,200-க்கு மேல் போகாதபடி கம்ப்யூட்டரிலேயே பூட்டப் போகிறேன். பி16ஏ-வின் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 77.4 மி.மீ., இதில் 89. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 8,200 சுற்றில் பி16ஏ பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 21.2 மீட்டர். நம்முடையது 7,200-லேயே 21.4 வந்துவிடுகிறது. மேலே எந்த ஹெட்டை வைத்தாலும் எல்லையைக் கீழே இருக்கும் கிராங்க்தான் வைக்கும்.

சித்தப்பா: இதைத்தான் கேட்க நினைத்தேன். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடின் போல்ட்?

நான்: புதிது, ஏஆர்பி கம்பெனியுடையது. போல்ட்டை மாற்றியதால் ராடின் பெரிய கண் வட்டம் கெட்டிருக்குமோ என்று அளந்தோம். இரண்டு ராட் கெட்டுத்தான் இருந்தது. அத்தான் சரிசெய்தார்.

அக்கா: கம்பெனியே இப்படி ஒன்று செய்ததில்லையா?

நான்: செய்திருக்கிறார்கள். பி18சி, 1797 சிசி, ஸ்ட்ரோக் 87.2. கிட்டத்தட்ட இதே யோசனைதான். ஆனால் அதன் பிளாக்கிலேயே விடெக்குக்கு எண்ணெய் வழி உண்டு, பிஸ்டனின் அடியில் எண்ணெய் பீச்சும் குழல்களும் உண்டு. நம் பிளாக்கில் இரண்டும் இல்லை. அதனால்தான் இதை அதைப் போல ஓட்டக் கூடாது.

சித்தப்பா: வால்வு பிஸ்டனில் தட்டுமா என்று பார்த்தாயா?

நான்: பார்த்தேன். பிஸ்டன் மேல் களிமண் வைத்து, ஹெட்டை இறுக்கி, கையால் இரண்டு சுற்று சுற்றினேன். இன்டேக் வால்வில் 2.3 மி.மீ. இடைவெளி இருந்தது. எக்ஸாஸ்ட் வால்வில் 1.9 தான். அங்கே 2.5 ஆவது வேண்டும். மனசு உடைந்துவிட்டது. எல்லாவற்றையும் திரும்பக் கழற்றி, பிஸ்டனில் வால்வுக்கான பள்ளத்தை ஆழமாக்கிக்கொண்டு வந்தோம்.

அத்தான்: நாலு பிஸ்டனிலும் ஒரே அளவு. எடையும் போட்டுப் பார்த்தேன் மச்சான்.

சித்தப்பா: பள்ளம் வெட்டினால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தும் விகிதம்) இறங்குமே.

நான்: இறங்கும். ஒரு சிலிண்டர் 458.5 சிசி. மேலே மிஞ்சும் இடம் 45.9 சிசி என்றால் 11-க்கு 1, 51 சிசி என்றால் 10-க்கு 1. ஐந்து சிசியில் ஒரு புள்ளி! அதனால் ஊகிக்காமல் பியூரெட்டில் எண்ணெய் விட்டு அளந்தேன். 10-க்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. தினம் ஓட்டும் வண்டிக்கு எனக்கு இது போதும்.

ஞாயிறு, மாலை 5:42

நான்: 🎥 பிளக் நான்கையும் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரில் சுற்றினேன். அழுத்த முள் எழும்பிவிட்டது. ஹெட் பக்கம் ஹோஸைத் தளர்த்திப் பார்த்தேன், எண்ணெய் வந்தது!

அம்மா: அப்பா இருந்திருந்தால் பக்கத்திலேயே நின்றிருப்பார்.

அக்கா: ஆமாம் அம்மா.

சித்தப்பா: வீடியோவை நிறுத்திப் பார்த்தேன். பிளாக்கில் பித்தளை டீ (மூன்று வழி மூட்டு) வைத்து அதன் நுனியிலேயே சென்சாரைத் தொங்கவிட்டிருக்கிறாய். எஞ்சின் அதிர்வில் அது கழுத்தோடு முறியும். முறிந்தால் எண்ணெய் முழுவதும் வெளியே.

நான்: கவனிக்கவே இல்லை சித்தப்பா. டீயை ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தகட்டில்) பொருத்திவிட்டு, பிளாக்கிலிருந்து அதுவரை ஹோஸ் விடட்டுமா?

சித்தப்பா: அப்படியே செய். மூட்டுக்குப் புது செம்பு வாஷர் போடு, பழையதைத் திருப்பிப் போடாதே. நாளைக்கு நான் வருகிறேன். நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதே.

நான்: சரி சித்தப்பா. சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.